முதலாளி மூஞ்சியே காணோம், காசு மட்டும் எப்படிங்க கொட்டுது?

அடுத்த கேள்வி கோபிசெட்டிபாளையத்துல இருந்துங்க. "ஒன்லிஃபேன்ஸை வாங்கின லியோனிட் ராட்வின்ஸ்கி வெளிய தலை காட்டாமயே அத்தனை கோடி எப்படிச் சம்பாரிச்சாரு? தமிழ்ல ஒரு சந்தா தளம் போட்டா ஓடுமா?"

ஒன்லிஃபேன்ஸ்ங்கறது சந்தா கட்டி வீடியோ பாக்கற தளமுங்க, பெரும்பாலும் ஆபாச வீடியோதான். ஆளுதான் வெளிய தெரியாம இருந்தாரு, கணக்கு ஒளிவில்லை. ஃபெனிக்ஸ் இன்டர்நேஷனல்ங்கற அந்தக் கம்பெனி இங்கிலாந்துல பதிஞ்சது. அங்க வருசா வருசம் கணக்குத் தாக்கல் பண்ணியாகோணும், யாரு வேணா எடுத்துப் பாக்கலாம். 2016ல டிம் ஸ்டோக்லி ஆரம்பிச்சதை, 2018ல இவரு பெரும்பங்கா வாங்கினாரு. 2024 நவம்பரோட முடிஞ்ச வருசத்துல ஜனங்க கட்டின பணம் சுமார் 720 கோடி டாலர். அதுல நூத்துக்கு 80 வீடியோ போடறவங்களுக்கு, 20 தளத்துக்கு. ஈரோட்டு மஞ்சள் மண்டி மாதிரிதானுங்க, சரக்கு விவசாயியோடது, நடுவுல கமிஷன். ஆனா மண்டிக்காரருக்குக் குடோன் வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலின்னு செலவிருக்குது. இங்க சம்பளத்துக்கு இருக்கறவங்க ஐம்பது பேருகூடத் தேற மாட்டாங்க. வரிக்கு முந்தின லாபம் 68 கோடி டாலர்.

அந்த மாதிரி ஆபாசச் சரக்கை இங்க போட்டா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பாயும். மொதத் தடவைக்கே 5 வருசம் வரைக்கும் ஜெயில், 10 லட்சம் வரைக்கும் அபராதம். அதை விட்டுருங்க. டிஎன்பிஎஸ்சி பாடம், பேட்டர்ன் கட்டிங், மாட்டு வைத்தியம், இதுக்கெல்லாம் சந்தா போடலாம்.

இப்ப உங்க கணக்கு. சந்தா 100ன்னா, 18% ஜிஎஸ்டியோட 118 வாங்கறீங்க. 80 பாடம் எடுக்கறவருக்கு. பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைன்ல பணத்தை வாங்கி உங்ககிட்டச் சேக்கற கம்பெனி, 2% எடுத்தா 2.36, அதுக்கு மேல ஜிஎஸ்டி. உங்க கையில 17 ரூவாய்ச் சொச்சம், சர்வர் செலவும் அதுலதான். இதையே ஐபோன் ஆப்புக்குள்ள வித்தீங்கன்னா ஆப்பிளுக்கே 15 இல்ல 30 போயிரும். அப்புறம் 20% கமிஷன் எங்க நிக்கும்? வெப்சைட்லயே கட்ட வைங்க.

பெரும்பாலும் அடி விழறது ஆட்டோ டெபிட்லதானுங்க, அதாவது சந்தாவைக் கணக்குல இருந்து தானா எடுக்கறதுல. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முந்தியே தகவல் போகோணும். அதைப் பாத்ததும் சில பேரு ரத்துப் பண்ணிருவாங்க, அது போகட்டும். கணக்குல காசில்லாமத் திரும்பறதை நீங்க தடுக்கலாம். திருப்பூர்ல பல கம்பெனியில சனிக்கிழமை சம்பளம். அவங்களுக்கு 1ஆம் தேதின்னு வைக்காதீங்க, வாரச் சந்தாவா ஞாயித்துக்கிழமை காலையில எடுங்க. இன்னொண்ணு, யுபிஐ மேண்டேட்ல, அதாவது தானா பணம் எடுக்க அவங்க குடுக்கற அனுமதியில, சந்தா 99ன்னு உச்சவரம்பையும் 99ன்னே போட்டுட்டா, பின்னாடி 149 ஆக்கறப்ப அத்தனை பேரும் மறுக்கா யுபிஐ பின் நம்பர் போடோணும். பாதிப்பேரு போட மாட்டாங்க. அதனால மொதல்லயே கொஞ்சம் தாராளமா வைங்க.

கார்டுல கட்டிட்டு "நான் கட்டவேயில்லை"ன்னு பேங்க்ல புகார் குடுக்கற ஆளும் உண்டு. பணம் உங்ககிட்ட இருந்து திரும்பிப் போயிரும், அபராதமும் சேரும். அதுக்குத்தான் பாடம் எடுக்கறவரு பங்கைக் கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுக் குடுக்கோணும்.

2021 ஆகஸ்ட்ல ஒன்லிஃபேன்ஸே ஆபாச வீடியோவைத் தடை பண்றோம்னு அறிவிச்சுட்டு, ஒரு வாரத்துக்குள்ள வாபஸ் வாங்குச்சு. காரணம் பேங்குக நெருக்கடின்னு ஸ்டோக்லியே சொன்னாரு. அத்தனை பெரிய தளத்துக்கே பணம் வர்ற வாய்க்கால்ல மடையை அடைக்கற சாவி வேற ஆளு கையில இருந்துச்சுங்க. நீங்க கேட்வே ரெண்டு வச்சுக்கோங்க, விண்ணப்பத்துல என்ன விக்கறீங்கன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. மாத்தி எழுதி மாட்டினா இருக்கற காசையும் பிடிச்சு வச்சுக்குவாங்க.

சரிங்க, அடுத்தது பல்லடத்துல இருந்து...