தடை போட்டதால்தான் ‘ரிலாக்ஸ்’ ஓடியதா?

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று நாலு நாளாக என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபேர்லைட் என்ற மின்னணு இசைக்கருவி பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘ரிலாக்ஸ்’ பாட்டை பிபிசி தடை செய்ததால்தானே அது முதலிடத்துக்கு வந்தது? தடை இல்லையென்றால் அதை யார் சீந்தியிருப்பார்கள்?”

நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாட்டு வந்தது 1983 அக்டோபரில். இரண்டு மாதம் தள்ளாடித் தள்ளாடி பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 35ஆம் இடம் வரை வந்தது. 1984 ஜனவரி 5 அன்று பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழு தோன்றியது. அடுத்த பட்டியலிலேயே 6ஆம் இடம்! அதற்கு அப்புறம்தான், ஜனவரி 11 அன்று, பிபிசி வானொலியான ரேடியோ ஒன்னின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக் ரீட், அந்த இசைத்தட்டின் உறைப் படமும் வரிகளும் தனக்கு ஒப்பவில்லை என்று சொல்லி அதை ஒலிபரப்ப மறுத்தார். பிபிசி தடை போட்டது. அந்த மாதமே பாட்டு முதலிடத்துக்குப் போய் ஐந்து வாரம் அங்கேயே உட்கார்ந்தது. நாட்டிலேயே அதிகம் விற்கும் பாட்டை ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ போட முடியவில்லை. குழுவின் படத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

ஆக, தடை உதவியது, மறுக்கவில்லை. ஆனால் தடை வந்தபோது பாட்டு ஏற்கெனவே ஆறாம் இடத்தில் நின்றது. இன்னொன்றும் பாருங்கள். தடையின் பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு, அதே 1984 கோடையில், இவர்களின் அடுத்த பாட்டு ‘டூ ட்ரைப்ஸ்’ ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்போது ‘ரிலாக்ஸ்’ மறுபடி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஒரே குழு, முதல் இரண்டு இடமும். ஜனவரியில் நடந்த வம்பு ஜூலையில் யாரையும் காசு கொடுத்து வாங்க வைக்காது.

சரி, அப்படியானால் எது வாங்க வைத்தது? கேள்வி இப்படி வந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். அந்த ஒலிதான். அந்த ஒலி எப்படிப் பிறந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ட்ரெவர் ஹார்ன் என்ற இசைத் தயாரிப்பாளரைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். லிவர்பூல் பையன்களான இந்தக் குழுவை 1983 தொடக்கத்தில் ‘த டியூப்’ என்ற டிவி நிகழ்ச்சியில்தான் அவர் பார்த்தார். இவர்கள் பாடியது முழுப் பாட்டாகவே அவருக்குத் தோன்றவில்லை, விளம்பர மெட்டு மாதிரிதான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் கட்டுவதற்கு இடம் இருந்தது. முதலில் குழுவையே வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். சரிப்படவில்லை. அப்புறம் பாடகர் இயன் டியூரியின் பக்கவாத்தியக் குழுவான ப்ளாக்ஹெட்ஸை அழைத்து வாசிக்க வைத்தார். அவர்கள் தேர்ந்த கைகள். நன்றாகவே வந்தது, ஆனாலும் அது ‘ரிலாக்ஸ்’ ஆகவில்லை. அதையும் தள்ளி வைத்தார்.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: நல்ல பதிவுக்குப் பின்னால் தூக்கிப் போட்ட பதிவுகள் இருக்கும். கச்சேரிக்கு முன்னால் நாதஸ்வரக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு சீவாளியை வைத்து ஊதிப் பார்ப்பார்கள், எடுத்துவிடுவார்கள், அடுத்தது, அதற்கடுத்தது. கேட்கிற நமக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர் காதுக்குத் தெரியும்.

கடைசியில் லண்டன் சார்ம் வெஸ்ட் ஸ்டுடியோவில் ஹார்ன் மூன்று பேரோடு உட்கார்ந்தார். ஃபேர்லைட்டில் ஜெ.ஜெ. ஜெக்ஸாலிக், கீபோர்டில் ஆண்டி ரிச்சர்ட்ஸ், கிடாரில் ஸ்டீவ் லிப்சன். ஃபேர்லைட் சிட்னியில் செய்த கருவி, அன்றைக்கு ஒரு வீடு வாங்கும் விலை. எந்த ஒலியையும் பிடித்து வைத்துக்கொண்டு விசையில் போட்டுத் தரும். அந்தத் துடிப்பைக் கேளுங்கள், சுவரில் முட்டுவது போல ஒரே சீராக, நெஞ்சில் இடித்துக்கொண்டே போகும். மனிதக் கை அப்படி நாலு நிமிடம் அசராமல் இடிக்காது. அதன் மேலே குழுவின் பாடகர் ஹாலி ஜான்சனின் குரல் ஏறி நிற்கிறது. குழுவில் மற்றவர்கள் வாசித்தது எதுவும் அந்தப் பதிவில் இல்லை. அவர்கள் நீச்சல் குளத்தில் குதித்த சத்தம் மட்டும் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். எல்லாம் சேர்த்து ஸ்டுடியோ செலவு சுமார் 70,000 பவுண்டு, ஒரே ஒரு பாட்டுக்கு!

எங்கள் ஊரில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக்கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். இந்தப் பாட்டையும் எழுதிக்கொடுத்தேன். அந்த அண்ணன் சின்ன வடிவத்துக்குப் பதிலாக 16 நிமிட நடன வடிவத்தைப் போட்டுவிட்டார். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்தின் பாதியை அதுவே தின்றுவிட்டது. நான் கேட்ட இரண்டு பாட்டுக்கு இடமில்லை. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த 16 நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஒலியைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டேன். எது கருவி, எது மூச்சு, எது எங்கே வந்து ஒட்டுகிறது என்று.

தடை பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். பாட்டு உடலுறவைப் பற்றியதுதான். முதலில் ஊக்கம் பற்றிய பாட்டு என்று மழுப்பியவர்கள் பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஜான்சனும் குழுவில் இன்னொருவரான பால் ரதர்ஃபோர்டும் தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை ஒளிக்காமல் மேடை ஏறியவர்கள். 1967 வரை இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். 1984இலும் அப்படிப்பட்ட உறவுக்குச் சம்மத வயது 21 என்று தனிச் சட்டம். அந்தச் சூழலில் தலை நிமிர்ந்து நின்று பாடினார்கள் பாருங்கள், அதைத் தடையின் கதையில் விட்டுவிடுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்புறம், “வாசிக்காதவர்களுக்கு அது எப்படிச் சொந்தப் பாட்டு?” என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். எழுதியவர்கள் என்று பதிவாகியிருக்கும் பெயர்கள் ஜான்சன், பீட்டர் கில், மார்க் ஓ’டூல். மூவரும் குழுவினர்தான். ஒலி ஹார்னுடையது, பாட்டு அவர்களுடையது. ஆனால் ஒப்பந்தம் அவர்களுக்கு ரொம்பப் பாதகமாக இருந்தது. ஜான்சன் விலகப் பார்த்தபோது பாட்டை வெளியிட்ட நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த ஒப்பந்தம் நியாயமற்ற கட்டுப்பாடு என்று 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லி அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேச வேண்டும். யாராவது கேள்வி அனுப்புங்கள்.