ஒரே ஆளுக்கு மூன்று பரீட்சை

நேயர்களுக்கு வணக்கம். ஈசோல் வகுப்பைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பெரியவர்களுக்கு நடத்தும் ஆங்கில வகுப்புத்தான் அது. கிழக்கு லண்டனில் கொஞ்ச வருடமாக நான் அதைப் படிப்பித்து வருகிறேன்.

ஒரு செப்டம்பரில் ஒரு அக்கா மூன்று தாளோடு என்னிடம் வந்தார். மூன்றும் ஒரே விஷயம்தான், அவருடைய ஆங்கிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சோதித்துப் பார்த்த முடிவு. ஒரு கல்லூரி என்ட்ரி 1, அதாவது தொடக்க மட்டம் என்றது, ஒரு கவுன்சில் நிலையம் அதற்கு அடுத்த என்ட்ரி 2 என்றது, ஒரு தொண்டு அமைப்பு என்ட்ரி 1க்கும் கீழே போட்டிருந்தது, ஆனால் மூன்று இடத்திலும் வெயிட்டிங் லிஸ்ட் மட்டும் ஒன்றுபோல இருந்தது. "பரீட்சை எழுதியே இங்கிலிஷ் வந்துவிடும் போலக் கிடக்கு தம்பி" என்று சிரித்தார்.

வகுப்பு போதவில்லை என்பது உண்மை. 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1 இலட்சத்து 61 ஆயிரம் பேருக்கு ஆங்கிலம் அறவே பேச வராது, இன்னொரு 8 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்குச் சரியாக வராது. ஆனால் அந்த அக்காவின் பெயர் மூன்று லிஸ்டில் இருக்கிறதே, அப்படியென்றால் எத்தனை பேர் உண்மையில் காத்திருக்கிறார்கள் என்று யாரால் எண்ண முடியும்? எண்ண முடியாததற்கு எப்படிக் காசு ஒதுக்குவது?

இதற்குக் காரணம், காசு பல வாசலால் வருவதுதான். கல்லூரிக்கு ஒரு நிதி, அகதிகளைக் குடியேற்றும் திட்டங்களுக்கு இன்னொன்று, தொண்டு அமைப்புகள் தாங்களாகவே தேடிக்கொள்வது வேறு. 2019 முதல் லண்டனில் பெரியோர் கல்வி நிதியைப் பகிர்வது மேயரின் கையில். லண்டனில் வாழத் தேவை என்று கணக்கிடும் சம்பளமான லண்டன் வாழ்வூதியத்துக்குக் கீழே உழைப்பவருக்கு இலவசம் என்று அவர் வைத்தது நல்ல விஷயம், ஆனால் அதில் பார்ப்பது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை. கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் இருந்துவிட்டு வாடகை தாங்காமல் லண்டன் எல்லை தாண்டி கிரேஸ் (Grays) ஊருக்கு வீடு மாறினால், அதே ஆளுக்கு, அதே சம்பளத்துக்கு வேறு கணக்கு! அகதி விண்ணப்பம் போட்டவர் இங்கிலாந்தில் முடிவுக்காக ஆறு மாதம் காத்திருந்த பிறகுதான் அரசு நிதியில் படிக்கலாம் என்பது பொது விதி, ஸ்கொட்லாந்தில் அந்த ஆறு மாதக் காத்திருப்பு இல்லை. ஆள் ஊருக்குப் புதிது, மொழி தெரியாது, படிக்க நேரமும் இருக்கிறது, அந்த நேரத்தில் பார்த்துத்தான் கதவைச் சாத்துகிறோம்.

ஸ்கொட்லாந்து 2007இலேயே ஈசோலுக்கென்று தேசியத் திட்டம் எழுதியது. வேல்ஸ் 2014இல் கொள்கை வகுத்து 2018இல் திருத்தியது. வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் ஒரே இடத்தில் மட்டம் பார்த்து, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, எனக்குப் பிடித்தது இதுதான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஒரு வாசல், ஒரு லிஸ்ட், அவ்வளவுதான். இங்கிலாந்தும் 2018இல் சமூக ஒருங்கிணைப்புப் பற்றிய பசுமை அறிக்கையில், அதாவது கருத்துக் கேட்க அரசு வெளியிடும் ஆவணத்தில், ஆங்கிலத்துக்குத் தேசியத் திட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியது, எழுதியதோடு சரி.

அவுஸ்திரேலியாவில் உறவுக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்க 1948 முதல் தேசிய அளவில் ஒரே திட்டம் ஓடுகிறது. ஒருவருக்கு 510 மணித்தியால வகுப்பு என்று இருந்த உச்ச வரம்பையும் 2021இல் எடுத்துவிட்டார்கள்.

வகுப்பு நடத்தும் இடங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறேன். அந்த ஒருங்கிணைப்பு என்றால் கூட்டம் கூடித் தேநீர் குடிப்பது என்று நினைக்க வேண்டாம். என் வகுப்பில் ஊரில் ஏ லெவல் எழுதியவரும் இருக்கிறார், போரில் இடம்பெயர்ந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவரும் இருக்கிறார். முன்னவர் பேசக் கூச்சப்படுகிறாரே தவிர எழுத்து அவருக்குப் பயமில்லை. மற்றவருக்குப் பேனா பிடிப்பதே பாரம். இருவரும் என்ட்ரி 1. அடுத்த கல்லூரியில் எழுத்தறிவு வகுப்பு இருக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு பொதுப் பட்டியல் இல்லை, தெரிந்த ஆசிரியருக்கு வாட்ஸ்அப் போட்டுத்தான் கேட்கிறேன்.

வகுப்புக்கு மாணவர் சேர்ப்பு பெரும்பாலும் செப்டம்பரில், அப்புறம் ஜனவரியில். மட்டம் பார்த்த முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போகும் அடுத்த இடத்தில் அதைக் காட்டுங்கள், ஏற்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஓரிடத்தில் வகுப்புக் கிடைத்தால் மற்ற இடங்களுக்கு ஒரு போன் போட்டுப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அந்த அக்காவுக்கு மாசியில் என்ட்ரி 1இல் இடம் கிடைத்தது. மற்ற இரண்டு இடத்திலிருந்தும் இன்னும் கடிதம் வந்துகொண்டிருக்கிறது, இப்போது அதை அவரே வாசித்து எனக்குச் சொல்கிறார்.