ஆமா, நாங்க அட்ரஸைத்தான் வாங்குறோம்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், சபைக்கு வணக்கம். தலைப்பு உங்களுக்கே தெரியும், சொந்த வீடு வாங்கினா எல்லாரும் ஆசைப்படற ஏரியாவுல சின்னதா வாங்கறதா, ஊரைத் தள்ளிப் போய் பெருசா வாங்கறதா. நான் சின்ன வீட்டுக்குப் பேச வந்திருக்கேன்.

எழுதிட்டு வந்த பேச்சு ஒண்ணு இருந்துச்சு ஐயா, அதை இப்பதான் மடிச்சு சட்டைப் பையில வச்சேன். ஏன்னா எதிரணித் தலைவர் அண்ணன் உட்கார்றதுக்கு முன்னாடி ஒரு போடு போட்டாரு பாருங்க, "இவங்க வாங்கறது வீடு இல்லைங்க, வெறும் அட்ரஸ், அட்ரஸுக்குள்ள எப்படிப்பா காலை நீட்டிப் படுப்பீங்க"ன்னு. சபையே அதிர்ந்துச்சு, மூணாவது வரிசையில ஒரு அம்மா இன்னும் சிரிச்சு முடிக்கல. சிரிங்கம்மா, நல்லாத்தான் சொன்னாரு. ஆனா பதில் சொல்லாம நான் இங்கருந்து இறங்க மாட்டேன்.

அண்ணே, ஆமா. நாங்க அட்ரஸைத்தான் வாங்குறோம், அதை ஒத்துக்கறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. ஒரு வீட்டுல எதையெல்லாம் மாத்தலாம்னு யோசிச்சுப் பாருங்க, தரையை மாத்தலாம், குழாயை மாத்தலாம், இடைச்சுவரை இடிச்சு ரெண்டு ரூமை ஒண்ணாக்கலாம், கட்டிடம் ரொம்பப் பழசாயிட்டா எல்லாரும் சேர்ந்து இடிச்சுட்டுப் புதுசாக்கூட கட்டலாம். மாத்தவே முடியாதது ஒண்ணே ஒண்ணு, அது அண்ணன் கிண்டல் பண்ண அந்த அட்ரஸ்தான். கட்டிடத்துக்கு வருஷா வருஷம் வயசாயிட்டே போகும், மண்ணுக்கு வயசு ஏறாது. மாத்த முடியாததை முதல்ல சரியாப் பிடிச்சுக்கோ, மாத்த முடிஞ்சதைக் காசு வரும்போது மாத்திக்கோன்னு சொல்றோம், இதுல என்னண்ணே தப்பு?

எதிரணி அக்கா ஒருத்தர் கணக்கு கேட்டாங்க, "அதே காசுக்கு ரெண்டு மடங்கு இடம் கிடைக்குதே, ஏன் விடறீங்க"ன்னு. கிடைக்குதுக்கா, யார் இல்லைன்னா. ஆனா ஏன் அங்க விலை கம்மியா இருக்கு? வில்லியம் அலோன்சோன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1964லயே இதைக் கோட்பாடாவே எழுதி வச்சாரு, நகரத்தோட மையத்துலேருந்து தள்ளித் தள்ளிப் போக மண்ணோட விலை இறங்கும், போக்குவரத்துச் செலவு ஏறும், ஒண்ணுல மிச்சம் பிடிக்கறது இன்னொண்ணுல போகும்னு. அப்போ அந்தப் பெரிய வீடு விலை குறைஞ்ச வீடு இல்லக்கா, மிச்ச விலையைத் தினமும் ரோட்டுல கட்டற வீடு.

எவ்வளவு கட்டறோம்னு பாப்போமா? ஒருத்தருக்கு ஆபீஸ் போக 20 நிமிஷம், இன்னொருத்தருக்கு ஒன்றரை மணி நேரம். வித்தியாசம் போக 70 நிமிஷம், வர 70 நிமிஷம், ஒரு நாளைக்கு 140. வருஷத்துல 250 நாள் வேலைக்குப் போறார்னு வச்சுக்கோங்க, 35,000 நிமிஷம், ராத்திரி பகல் சேர்த்து முழுசா 24 நாள். லோன் 20 வருஷம். லோன் முடியறப்போ மொத்தம் 486 நாள் ஐயா, ஒரு வருஷம் நாலு மாசம்! பேங்க்காரன் வட்டி கேட்டா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கறோம், இந்த வட்டியை யாரும் ஒரு பேப்பர்லயும் நமக்குக் காட்டறதே இல்ல.

பிரயாணம்தானே, பாட்டு கேட்டுட்டே போயிடலாமேன்னு அக்கா சொன்னாங்க. 2002ல பொருளாதார நோபல் வாங்கின டேனியல் கானமனும் கூட இருந்தவங்களும் 2004ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட நேத்து ஒரு நாள்ல என்னென்ன செஞ்சீங்க, ஒவ்வொண்ணு செய்யும்போதும் மனசு எப்படி இருந்துச்சுன்னு கேட்டு எழுதி வாங்கினாங்க. சமையல், வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு, எல்லாத்துக்கும் அடியில கடைசியா கிடந்தது காலையில வேலைக்குப் போற பிரயாணம். ஆபீஸ் வேலையே தேவலைன்னு இருந்திருக்குங்க அவங்களுக்கு!

இப்போ அந்தப் பெரிய வீட்டுக்குள்ள போவோம். என் கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர், தங்கமான மனுஷன், ஊரைத் தள்ளி மூணு பெட்ரூம் வீடு வாங்கினாரு. ஒரு ரூம் அவங்களுக்கு, ஒரு ரூம் பையனுக்கு, மூணாவது கெஸ்ட் ரூம். புது வீட்டுக்குப் போன அன்னைக்கே அண்ணி கெஸ்ட் ரூம் கட்டிலுக்குப் புது பெட்ஷீட் விரிச்சாங்க. ஒரு வாரம் ஆச்சு, யாரும் வரல. தூசி படிஞ்சிருக்குமேன்னு மாத்தி விரிச்சாங்க. அடுத்த வாரமும் யாரும் வரல, மாத்தி விரிச்சாங்க. வாரா வாரம் துவைக்கறாங்க, காயப் போடறாங்க, விரிக்கறாங்க, அந்தக் கட்டில்ல யாருமே படுக்கல, துவைச்சுத் துவைச்சே அந்த பெட்ஷீட்டுக்குச் சாயம் போயிடுச்சு ஐயா!

கூப்பிடாம இல்ல. எல்லாரையும் கூப்பிட்டாரு. எல்லாரும் வர்றோம் வர்றோம்னுதான் சொன்னாங்க. அப்புறம் போன்ல வழி கேப்பாங்க. இவரு ஆசையா ஆரம்பிப்பாரு, "மெட்ரோல ஏறி கடைசி ஸ்டாப்ல இறங்கிடுங்க." சரி. "அங்கருந்து ஒரு பஸ் பிடிச்சு கடைசி ஸ்டாப்ல இறங்கிடுங்க." ரெண்டாவது தடவை கடைசி ஸ்டாப்னு காதுல விழுந்ததும் அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. "அங்க இறங்கி ஒரு போன் பண்ணுங்க, நான் வண்டி எடுத்துட்டு வந்துடறேன்." அவ்வளவுதான், "பையனுக்குப் பரீட்சை முடியட்டுமே" அப்படின்னுடுவாங்க. கல்யாணமே ஆகாத ஒருத்தர் கூட பரீட்சை முடியட்டும்னு சொல்லியிருக்காரு! இருங்க, கை தட்டாதீங்க, இன்னும் கார்பென்டர் வரல.

மழையில ஜன்னல் கதவு ஊதிப் போய் மூட முடியலன்னு ஒரு கார்பென்டரை வரச் சொன்னாங்க. அவரு வந்து சேர்ந்ததே சாயங்காலம், இழைச்சு மாட்டி முடிக்கறப்போ ராத்திரி ஒன்பதரை, கடைசி பஸ் ஒன்பது மணிக்கே போயிடுச்சு. அண்ணனும் அண்ணியும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க. அண்ணி ஓடிப்போய் புதுத் துண்டு எடுத்தாங்க, அண்ணன் ஃபேன் எத்தனையில வைக்கட்டும்னு கேக்கறாரு, பையன் தண்ணி பாட்டில் கொண்டு வந்து வைக்கறான். அந்த மனுஷன் பாவம், "ஐயா நான் திண்ணையிலயே படுத்துக்கறேன்"ங்கறாரு, யாரு விடறா? அந்த ரூம் வாங்கின நாளா காத்துக்கிட்டு இருந்த ஆளு வந்துட்டாருல்ல! காலையில அவரைச் சாப்பிட வச்சு வழியனுப்பி விடும்போது அண்ணி சொல்றாங்க, "அடுத்த மாசம் வாசக் கதவையும் ஒரு தடவை பாத்துடுங்கண்ணே." வாசக் கதவுல என்ன குறைன்னு கேளுங்க. ஒரு குறையும் இல்ல! திரும்பவும் சொல்றேன், அந்தக் கதவுல ஒரு கீச்சு சத்தம் கூட இல்ல!

சிரிப்பு அடங்கட்டும், ஏன்னா அண்ணி எங்கிட்ட அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அதையும் இந்தச் சபையில சொல்லணும். "அன்னைக்கு ராத்திரி மூணாவது ரூம்லயும் லைட் எரிஞ்சுது தம்பி, வீடு வீடு மாதிரி இருந்துச்சு"ன்னாங்க.

எதிரணி அண்ணன் கேட்டாரே, அட்ரஸுக்குள்ள எப்படிக் காலை நீட்டுவீங்கன்னு. இப்படித்தான் நீட்டுவோம். எங்க வீட்டுல படிக்கறதுக்குத் தனி ரூம் இல்ல, தெரு முனையில லைப்ரரி இருக்கு. தோட்டம் இல்ல, எதிர்ல பார்க் இருக்கு. புள்ளைங்க ஸ்கூலுக்குத் தானா நடந்தே போயிட்டு வருதுங்க, பெத்தவங்க டிரைவரா இருக்க வேண்டியதில்ல. வயசான மாமனாருக்கு கண்ணு மங்கி வண்டி ஓட்ட முடியாமப் போச்சு, ஆனா அவரு வெளிய போறது நிக்கல, தானே நடந்து போய் டாக்டரைப் பாத்துட்டு, வர்ற வழியில நாலு பேரோட நின்னு பேசிட்டு வர்றாரு. வாசல் தாண்டினதும் ஊரே இருக்கறவனுக்கு ஹால் சின்னதா இருந்தா என்னண்ணே?

கஷ்டமே இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பார்க்கிங் கஷ்டம், சத்தம் இருக்கு, பழைய கட்டிடம்னா மொட்டை மாடியில தண்ணி இறங்கும், மராமத்துக்குக் காசு கேட்டா பாதி பேர் தர மாட்டாங்க. லோன் ஆசை காட்டும், அதுவும் உண்மை. 9 சதவீத வட்டியில 20 வருஷத்துக்கு வாங்கினா ஒவ்வொரு நூறுக்கும் மொத்தத்துல கிட்டத்தட்ட 216 திருப்பிக் கட்டறோம், முதல் மாச இஎம்ஐயை ஆறு பங்காப் போட்டா அதுல அஞ்சு பங்கு வட்டிக்குப் போகுது. அதனாலதான் சொல்றேன், நல்ல ஏரியாங்கறதுக்காகச் சக்திக்கு மீறிப் போகாதீங்க, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியா, பத்து பதினஞ்சு வருஷப் பழைய கட்டிடமா, ஒரு ரூம் கம்மியா, அதைப் பாருங்க. முடிஞ்சா ஆறு மாசம் அதே தெருவுல வாடகைக்கு இருந்து பாருங்க. ராத்திரி போய்ப் பாருங்க, மழையில போய்ப் பாருங்க, ஸ்கூல் விடற நேரத்துல போய் நின்னு பாருங்க, புரோக்கர் உங்களை அந்த நேரத்துல கூட்டிட்டுப் போகவே மாட்டாரு.

எங்களுக்கு வீட்லேருந்தே வேலைன்னு எதிரணித் தம்பி சொன்னாரு, சந்தோஷம் தம்பி. ஆனா அந்த ஏற்பாட்டை ஆபீஸ் ஒரு மெயில்ல மாத்திடும், லோன் பேப்பர் 20 வருஷத்துக்கு மாறாது. இதுக்கு இது போதும்.

நேரம் முடியுதுன்னு மணி அடிக்கறாங்க. ஐயா ரெண்டே நிமிஷம். சட்டைப் பையில இருக்கற பேச்சுல எழுதாத ஒண்ணைச் சொல்லிட்டு உட்கார்றேன்.

எங்க அப்பாவும் பெரிய வீடுதான் வாங்கினாரு. அவருக்கு முன்னாடியும் இதே ரெண்டு வழிதான் இருந்துச்சு, ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் வீடு, இல்ல ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்துல பெரிய வீடு. புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு ரூம் வேணும்னு ஆசைப்பட்டு பெருசை எடுத்தாரு, அவரு மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, பாசத்துலதான் எடுத்தாரு. தனக்குன்னு ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டாரு. இருட்டோட கிளம்பி இருட்டோட வருவாரு, 22 வருஷம். நாங்க கதவைச் சாத்திக்கிட்டு ஆளுக்கொரு ரூம்ல இருப்போம். ஞாயித்துக்கிழமை அந்த நாற்காலியில உட்காருவாரு, உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் தூங்கிடுவாரு. தூங்கற அப்பாவைத்தான் எங்களுக்கு நல்லாத் தெரியும்.

ரிட்டயர் ஆன ரெண்டாவது வருஷம் தவறிட்டாரு. அன்னைக்கு நாங்க முன்னப் பின்ன பாத்தே இல்லாத பதினஞ்சு இருபது பேர் வந்து வாசல்ல நிக்கறாங்க. ஆபீஸ்காரங்க இல்ல, சொந்தக்காரங்களும் இல்ல. யாருன்னு கேட்டா, "நாங்க காலை பஸ்"னாங்க. இத்தனை வருஷமா அப்பாவோட ஒரே பஸ்ல போனவங்க. அதுல வயசான ஒருத்தர் எங்க அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்து சொல்றாரு, "இனிமே அந்த பஸ்ல யாரும்மா பாடுவாங்க"ன்னு.

எங்க அப்பா பாடுவாராம் ஐயா.

தினமும் பாடுவாராம். பாலம் தாண்டினதும் பின்னாடி சீட்லேருந்து ஆரம்பிப்பாராம், கண்டக்டர் கூட டிக்கெட் கொடுக்கறதை நிறுத்திட்டுக் கேப்பாராம். எங்க அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, என் தங்கச்சிக்குத் தெரியாது. அத்தனை ரூம் இருந்த எங்க வீட்டுல ஒரு ரூம்லயும் அந்தக் குரல் கேட்டதில்ல.

அம்மா அழக்கூட இல்ல, அவரையே பார்த்துட்டு இருந்தவங்க, "என்ன பாட்டுங்க பாடுவாரு"ன்னு கேட்டாங்க. அந்தப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, வாசல்லயே நின்ன மத்தவங்களைப் பார்த்தாரு. அவங்க எல்லாருக்கும் அந்தப் பாட்டு தெரிஞ்சிருந்துச்சு.

நடுவர் ஐயா, எனக்கு இதுக்கு மேல பேச வரல. வணக்கம்.