வரி கட்டி ஊருக்குப் போகலாமா?

வணக்கம் நேயர்களே.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் ஈசூனில் என் மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு முடிந்து ரசத்துக்கு வரும் நேரத்தில் அவர் கைபேசியை என் முன்னால் நீட்டினார். வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்திருந்தது. கட்ட வேண்டியது 3,350 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வழக்கமாக அந்த அறிவிப்பைப் பார்த்தால் இரண்டு நாளைக்கு யாரோடும் பேசமாட்டார் மனிதர். அன்று என்னவோ சிரித்தார்.

"அத்தான், இந்த வருஷம் வரியைக் கிரெடிட் கார்டில் கட்டப்போறேன். ஒரு வெள்ளிக்கு நாலு மைல். வரி கட்டியே ஊருக்குப் போயிட்டு வந்திடலாம்."

மைல் என்பது விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் கார்டுப் பாயின்ட். நான் ஒரு கணக்காளன். மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் புளோக்கில் இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கைத் திறந்து வரிப் படிவம் பார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். அவர்கள் என்னிடம் கேட்பது எவ்வளவு கழிவு கிடைக்கும் என்று. இப்போது இளையவர்கள் கேட்பது எவ்வளவு பாயின்ட் கிடைக்கும் என்று. அதனால் மச்சானுக்கு அன்று ரசம் ஆறும்வரை போட்டுக் காட்டிய கணக்கையே இங்கேயும் சொல்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் எண்களை விட்டுவிடுங்கள், போக்கு புரிந்தால் போதும்.

முதலில் ஒன்று. ஐராஸ் என்று நாம் சொல்லும் உள்நாட்டு வருவாய் ஆணையம் வருமான வரிக்கு நேரடியாகக் கிரெடிட் கார்டை வாங்குவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ, கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ், இணைய வங்கி என்று வேறு வழிகள் நிறைய உண்டு. கார்டு மட்டும் இல்லை. இதைப் பிடிவாதம் என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. நாம் கடையில் கார்டைத் தட்டும்போதெல்லாம் கடைக்காரர் அந்தத் தொகையில் ஒரு பங்கை வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் கொடுக்கிறார். நம் பாயின்ட் பிறப்பதே அந்தப் பணத்தில்தான். 2023/24 நிதியாண்டில் ஆணையம் திரட்டிய வரி 80 பில்லியன் வெள்ளிக்கு மேல். அதெல்லாம் கார்டில் வந்து, நூற்றுக்கு ஒரு வெள்ளி கட்டணமாகப் போனாலே 800 மில்லியன். கார்டே இல்லாத தேக்காப் பாட்டியின் ஜிஎஸ்டி காசும் சேர்ந்து என் மச்சானின் விமான டிக்கெட்டுக்குப் போகும். அது வேண்டாம் என்றுதான் அந்தச் செலவை ஆணையம் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

சரி, கதவு மூடியிருந்தால் சந்து ஒன்று இருக்குமே. இருக்கிறது. நடுவில் ஒரு சேவை நிற்கும். கார்டப் அப்படி ஒன்று, சிட்டி வங்கியின் பேஆல் இன்னொன்று, வேறு சில வங்கிகளும் வரிக்காலத்தில் இப்படி ஒரு திட்டத்தைத் திறப்பார்கள். அவர்கள் உங்கள் கார்டில் பணத்தை எடுத்துக்கொண்டு, வங்கிப் பரிமாற்றமாக ஆணையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆணையத்தைப் பொறுத்தவரை சாதாரண வங்கிப் பணம். உங்கள் வங்கியைப் பொறுத்தவரை கார்டுச் செலவு. இதற்கு உங்களிடம் ஒரு கட்டணம். நான் பார்த்தவரை 1.75 விழுக்காட்டிலிருந்து 2.6 விழுக்காடு வரை. வரிக்காலத்தில் சலுகைக் குறியீடு கொடுத்துக் குறைப்பார்கள்.

ஆக, கடைக்காரர் கொடுக்க வேண்டிய பங்கை இங்கே நீங்கள் கொடுக்கிறீர்கள். இந்தப் பாயின்ட் சும்மா வருவதில்லை, நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். விளம்பரத்தில் 'வரி கட்டுங்கள், மைல் சேருங்கள்' என்று இருக்கும். 'மைல் விற்பனைக்கு' என்று எழுதியிருந்தால் நாம் முதலில் விலையைக் கேட்டிருப்போம்.

இப்போது விலையைக் கேட்போம். மச்சான் சொன்ன நாலு மைல் முதலில் விழுந்துவிட்டது. அந்தக் கார்டுகள் இணையக் கடைக்கும் உணவகத்துக்கும் என்று குறிப்பிட்ட செலவுக்குத்தான் நாலு தரும். ஒவ்வொரு கடைக்கும் கார்டு உலகத்தில் நாலு இலக்கத்தில் ஒரு குறியீடு உண்டு. வரிக்கு உள்ளது 9311. உங்கள் வங்கியின் விதிமுறைகளைப் படித்தால், பாயின்ட் கிடையாது என்ற பட்டியலில் அரசாங்கக் கட்டணங்களும் காப்புறுதியும் பெரும்பாலும் இருக்கும். நடுச்சேவை வழியாகப் போனால் வேறு குறியீட்டில் விழும், அப்போதும் பொதுச் செலவுக்கான விகிதந்தான். ஒரு வெள்ளிக்கு 1.2, 1.4, மிஞ்சினால் 1.6 மைல். சில வங்கிகள் இந்தச் சேவைகளின் பெயரையே போட்டு விலக்கியும் வைத்திருக்கின்றன. பொத்தானை அழுத்துமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கட்டணம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 3,350க்கு 67 வெள்ளி. கார்டில் ஏறுவது 3,417. வெள்ளிக்கு 1.4 மைல் என்றால் சுமார் 4,780 மைல். 67 வெள்ளியை இதால் வகுத்தால் ஒரு மைலுக்கு 1.4 காசு.

பணத்தைத் திருப்பித் தரும் கார்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். 1.5 விழுக்காடு திரும்ப வரும், 2 விழுக்காடு கட்டணம் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மைல்காரர்களுக்கு இன்னும் ஒரு செலவு இருக்கிறது. அது எந்த ரசீதிலும் வராது. ஜைரோவில் பதிவுசெய்தால் வருமான வரியை 12 மாதத் தவணையில் வட்டி இல்லாமல் கட்டலாம். மச்சானுக்கு மாதம் 279 வெள்ளி சொச்சம், ஆறாம் தேதி கணக்கிலிருந்து போய்விடும். சிங்கப்பூரில் வட்டியில்லாமல் யார் கடன் கொடுப்பார்கள், சொல்லுங்கள்? நெருங்கிய சொந்தக்காரர்கூட யோசிப்பார். முழுத்தொகையையும் இப்போதே கார்டில் கட்டினால் அந்தக் கடனை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தப் பணம் உங்கள் கணக்கில் இருந்து 2 விழுக்காடு வட்டி ஈட்டியிருந்தால் தவணை முடிவதற்குள் சுமார் 30 வெள்ளி வந்திருக்கும். 67ஐயும் 30ஐயும் கூட்டுங்கள். 97 வெள்ளி. இப்போது ஒரு மைல் இரண்டு காசு.

இந்த இடத்தில் மச்சான் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "இரண்டு காசுதானே அத்தான்" என்றார்.

இரண்டு காசு பெரிதா சிறிதா என்பது அதை எங்கே செலவு செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னைக்குப் போய்வர சாதாரண வகுப்பில் 450 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மைலில் எடுத்தாலும் விமான நிலைய வரியும் மற்ற கட்டணங்களும் கையிலிருந்துதான் கட்டவேண்டும். அது 100 என்றால் மைல் மிச்சப்படுத்தியது 350. அதற்கு 38,000 மைல் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு மைலுக்குக் கிடைத்தது ஒரு காசுக்கும் குறைவு. இரண்டு காசுக்கு வாங்கி ஒரு காசுக்கு விற்கும் வியாபாரத்தை சிராங்கூன் ரோட்டில் எந்த முதலாளியும் செய்யமாட்டார்.

அதிலும் மச்சானுடைய ஊர் திருச்சிப் பக்கம். இங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குப் போகும், திருச்சிக்கு அதன் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலை ஸ்கூட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மதிப்பு மெலிந்துவிடும். சென்னையில் இறங்கி, பெட்டிகளோடு ராத்திரி பஸ்ஸில் திருச்சிக்குப் போகும் யோசனையை என் தங்கச்சி, அதாவது மச்சானின் மனைவி, அடுப்படியிலிருந்தே நிராகரித்துவிட்டாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வங்கியில் சேரும் பாயின்டை விமான நிறுவனத்துக்கு மாற்ற, பல வங்கிகள் ஒரு தடவைக்கு 10,000 மைலாவது இருக்க வேண்டும் என்கின்றன. மாற்றுக் கட்டணம் 25 வெள்ளி, ஜிஎஸ்டியோடு 27 வெள்ளி 25 காசு. மச்சானின் ஒரு வருட வரி அந்தப் பத்தாயிரத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. மாற்றிய பிறகு கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 36 மாத ஆயுள். தீபாவளிக்கும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் நாம் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் ஊருக்குப் போக நினைக்கிறோம். அந்த நாள்களில் மைலில் எடுக்கும் இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் யாரும் செய்யக்கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். என் நண்பர் ஒருவருக்கு வரி 13,950 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 160,000 இருந்தால் அவ்வளவு வரும். அவருடைய அம்மாவுக்கு முட்டி வலி, நாலு மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. சலுகைக் காலத்தில் 1.75 விழுக்காட்டில் கட்டினார். 244 வெள்ளிக்குச் சுமார் 19,900 மைல். இரண்டு மூன்று வருடம் சேர்த்து, அம்மாவை பிசினஸ் வகுப்பில் அனுப்பினார். அந்த வகுப்பின் டிக்கெட் விலை அதிகம், அதனால் ஒரு மைலின் மதிப்பும் கூடும். அவர் கணக்கு சரியான கணக்கு. எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார்.

புதிதாகக் கார்டு எடுப்பவர்களுக்கும் ஒரு வாய்ப்பு. முதல் மாதத்துக்குள் இவ்வளவு செலவு செய்தால் பெரிய அன்பளிப்பு என்பார்கள். அதை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஹேண்ட்பேக் வாங்குவதைவிட எப்படியும் கட்டவேண்டிய வரியைப் போடுவது மேல். ஆனால் வரி அந்தச் செலவில் சேருமா என்று வங்கியைக் கேட்டுவிட்டுத்தான்.

என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. கணக்காளன் என்று மார்தட்டிவிட்டு இதைச் சொல்ல வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நானும் இந்த வழியில் போனேன். எந்தச் சேவை என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. கார்டில் பணம் எடுத்த தேதியைப் பார்த்து, வரி கட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து பணம் போய்ச் சேரச் சில வேலை நாள்கள் ஆகும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வாரக்கடைசி, ஒரு பொது விடுமுறை. மதிப்பீட்டு அறிவிப்பின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் பணம் சேர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் 5 விழுக்காடு அபராதம். மச்சானின் தொகைக்கு அது 167 வெள்ளி 50 காசு. அந்த வருடம் நான் வாங்கிய மைலின் விலையை என் மனைவி இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக்காட்டுவாள். கட்டுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே கட்டுங்கள். வரிக் குறிப்பு எண்ணாக உங்கள் அடையாள அட்டை எண்ணைப் போடும்போது இரண்டு தடவை பாருங்கள்.

அப்புறம், கார்டு பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 3,417ஐ ஒரு மாதம் தள்ளிவிட்டால் ஏறத்தாழ 77 வெள்ளி வட்டி, அதற்கு மேல் தாமதக் கட்டணம். மைலாவது மண்ணாவது.

மச்சானுக்குக் கடைசியாக ஒன்று சொன்னேன். அவருடைய வரிக்குரிய வருமானம் 80,000 வெள்ளி. டிசம்பர் 31க்குள் மத்திய சேமநிதியின் சிறப்புக் கணக்கில், 55 வயதைத் தொட்டவர் என்றால் ஓய்வுக்காலக் கணக்கில், சொந்தப் பணம் 8,000 போட்டால், அந்த 8,000க்கு வரி இல்லை. அவர் இருக்கும் படியில் 7 விழுக்காடு, ஆக 560 வெள்ளி மிச்சம். அந்தப் பணத்துக்குக் குறைந்தது 4 விழுக்காடு வட்டியும் உண்டு. அப்பா அம்மா கணக்கில் போட்டால் அதற்குத் தனியாக இன்னொரு 8,000 வரை கழிவு. ஓய்வுக்காலத்துக்கான முழுத்தொகை ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு இது ஆகாது. போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்கவும் முடியாது, அதை யோசித்துத்தான் போடவேண்டும்.

"560 வெள்ளியா?" என்று கேட்டார் மச்சான். கைபேசியில் ஸ்கூட் டிக்கெட் விலையைத் தேடினார். திருச்சிக்குப் போய்வர எவ்வளவு என்று பார்த்துவிட்டு, ஜைரோ படிவம் எங்கே கிடைக்கும் என்றார். ரசம் சுத்தமாக ஆறிப்போயிருந்தது. தங்கச்சி மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

வணக்கம்.