டர்பனில் கூரை வேலை கற்றுக்கொள்ள: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

[திரையில்: சாட்ஸ்வொர்த் மேட்டிலிருந்து தெரியும் வீட்டுக் கூரைகள்]

வணக்கம். கூரை வேலை கற்றுக்கொள்ளணும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கூடவே எந்த டிரில் நல்லது என்றும் கேட்கிறீர்கள். டிரில் அப்புறம் வாங்கலாம். நல்ல மழையில் ஒரு வீட்டுக்கு எதிரே நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். கூரை நட்டநடுவில் ஒழுகுவது குறைவு. இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சேரும் கூடுவாய், சுவரும் கூரையும் முட்டும் இடம், முகடு, ஸ்க்ரூ ஓட்டை என்று ஒழுகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

[திரையில்: கூடுவாயில் அடைத்த சருகு]

கூடுவாய்த் தகட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கூரை ஓடுகளை வெட்டி, நடுவில் தண்ணீர் ஓட வழி விட்டிருக்க வேண்டும். ஆனால் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சிமெண்டுக் கலவையை அந்த வழி வரைக்கும் பூசிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் மாமரம் இருந்தால் போச்சு, சருகு வந்து அடைத்து, தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் ஏறி, சீலிங்கில் மஞ்சள் வட்டம் போட்டுவிடும்.

இனி கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு ஓடி ஒளிந்தவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. 420 மில்லிமீட்டர் நீளமுள்ள கான்கிரீட் ஓட்டில், மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் குறைந்தது 75 மில்லிமீட்டர் படிய வேண்டும் என்றால், ஒரு ரீப்பருக்கும் அடுத்ததற்கும் (ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இங்கே நாம் பேட்டன் என்போம்) இடைவெளி 345ஐத் தாண்டக்கூடாது. முதல் ரீப்பரிலிருந்து கடைசி ரீப்பர் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5000ஐ 345ஆல் வகுத்தால் பதினாலரை வருகிறது. அரை வரிசை ஓடு போட முடியாது, அதனால் 15 ஆக்கி மறுபடி வகுத்தால் 333. எல்லா இடைவெளியும் 333. இதைச் செய்யாமல் 345, 345 என்று அடித்துக்கொண்டே போனால் உச்சியில் துண்டு ஓடு வைத்து ஒப்பேற்ற வேண்டி வரும், அங்கேதான் அடுத்த வருஷம் ஒழுகும்.

வாட்டமும், அதாவது கூரையின் சரிவும் முக்கியம். 17 டிகிரிக்குக் கீழே என்றால் கான்கிரீட் ஓடே வேண்டாம், தகடு போடுங்கள். 26க்குக் கீழே என்றால் ஓட்டுக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கும் விரிப்பு இல்லாமல் கூடாது. நம் ஊர் கடலோரம், அதனால் வாட்டம் அதிகமாக இருந்தாலும் நான் விரிப்பு போடத்தான் சொல்வேன்.

[திரையில்: வண்ணத் தகட்டில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், நெருக்கத்தில்]

இது துரு. கிரைண்டர் வைத்துத் தகட்டை வெட்டும்போது பறக்கிற சூடான தூள் பெயிண்டில் பதிந்துவிடுகிறது, அன்றைக்குக் கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நாளில் உப்புக் காற்று அதை வெளியே காட்டிவிடும். தகரக் கத்திரி அல்லது நிப்ளர் (தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வெட்டும் கருவி) வைத்து வெட்டுங்கள். ஐபிஆர் தகட்டில், அதாவது பெட்டி வடிவ மேடு பள்ளம் உள்ள கூரைத் தகட்டில், ஸ்க்ரூவை மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் பாதையில் நீங்களே ஓட்டை போட்டது மாதிரி.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றி ஒன்று. 2008 முதல் தென்னாப்பிரிக்காவில் அது தடை, ஆனால் பழைய வீடுகளின் மேல் இன்னும் கிடக்கிறது. உடைப்பது, துளையிடுவது, பிரஷர் வாஷர் அடிப்பது எதுவும் கூடாது, தூள் நுரையீரலுக்குப் போகும். முழுக் கூரையைக் கழற்றுவது பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரின் வேலை. அது நொறுங்கும் பொருள் வேறு, ஏறினால் ஆளோடு கீழே வரும். உயரத்தில் வேலை என்றால் விழாமல் தடுக்கும் திட்டமும் மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகள் சொல்கின்றன. கயிறு கொடுக்காத முதலாளியிடம் வேலை கற்காதீர்கள், அவ்வளவுதான். ஆகஸ்டில் மலைக்காற்று சுழன்று அடிக்கும் நாளில் கையில் தகட்டோடு மேலே நிற்பது வீரமில்லை.

சரி, இதைத் தொழிலாக்குவது எப்படி? முதலில் ஹெல்பராகச் சேருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கூரைக்கான மரச்சட்ட வேலை தச்சர் தொழிலுக்குள் வருகிறது, அதில் டிவெட் கல்லூரி (அரசுத் தொழிற்கல்லூரி) வழியாகவோ, முதலாளியோடு பதிவு செய்த பயிற்சி ஒப்பந்தம் வழியாகவோ போய்த் தொழில் தேர்வு எழுதலாம். வருஷக்கணக்காகக் கையால் வேலை செய்து, கையில் காகிதம் இல்லாதவர்களுக்கு ஏஆர்பிஎல் என்று தனி வழி இருக்கிறது, அனுபவத்தை மதிப்பிட்டு அதே தேர்வுக்கு அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால் நம் அண்ணன்மார் பலருக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் இருபது வருஷம் கூரை போட்டவரும் சான்றிதழ் இல்லாமல் தினக்கூலியிலேயே நிற்கிறார். புது வீடு என்றால் கூரை ஒழுகலுக்குக் கட்டுநர் ஒரு வருஷம் பொறுப்பு, அப்படிப் பொறுப்பேற்கிறவர் காகிதம் உள்ள ஆளைத்தான் தேடுவார்.

இப்போதிருந்தே ஒன்று செய்யுங்கள். வேலை மாறும்போதெல்லாம் தேதி, செய்த வேலை, கையெழுத்து மூன்றும் உள்ள கடிதம் வாங்குங்கள். கூரையைப் பிரிக்கும் முன்னும் மூடும் முன்னும் படம் எடுத்து வையுங்கள், ஓடு போட்ட பிறகு அடியில் என்ன செய்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. கடிதத்தை அப்புறம் வாங்கலாம் என்று விட்டு, அந்தக் கம்பெனியையே மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?