பயந்த குழந்தைக்கு எந்தக் கதை? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி ஓர் அம்மா அனுப்பியது. படிக்கிறேன். "என் மகனுக்கு நான்கு வயது. கொஞ்ச நாளாக இருட்டைக் கண்டால் பயப்படுகிறான். நான் அறையை விட்டுப் போனாலே அழுகிறான். படுக்கும்போது இதமான கதையாகச் சொல்லலாம் என்று தேடினால், எல்லாவற்றிலும் நரியோ பூதமோ வந்துவிடுகிறது. அந்த இடங்களை எடுத்துவிட்டுச் சொல்லலாமா? ஆறுதல் தரும் கதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு வந்திருப்பது அந்த வயதில் வருகிற பயம்தான். அம்மாவைப் பிரியும் பயம் எட்டு மாதத்தை ஒட்டித் தலைகாட்டும், ஒன்றரை வயது வரை நன்றாகவே படுத்தும், பிறகு மெல்லக் குறையும். மூன்று நான்கு வயதில் கற்பனை வளரும்போது இருட்டும் பேயும் பூதமும் சேர்ந்துகொள்ளும். சில பிள்ளைகளுக்குப் பழைய பயமும் கூடவே திரும்பி வரும்.

சரி, நரிக்கு வருவோம். நரியை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு குட்டி முயல் காலையில் எழுந்தது, விளையாடியது, தூங்கியது என்று ஒரு கதை இருந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், தூக்கமும் வரும். ஆனால் ஏற்கெனவே ஒரு பயத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பயம் வந்த பிறகு என்ன ஆகும், போன அம்மா திரும்பி வருவாளா, இதுதான் அவன் மனதில் ஓடுகிறது. அதே குட்டி முயல் அந்தி நேரத்தில் அம்மாவைத் தவறவிடுகிறது, தூரத்தில் நரி ஊளையிடுகிறது, முயல் ஒரு புதரடியில் ஒடுங்கிக்கொள்கிறது, அப்புறம் அம்மாவின் குரல் கேட்கிறது, இரண்டும் வளைக்குள் போய்விடுகின்றன. இந்தக் கதை அவனுக்குப் பதில் சொல்கிறது. நரியை எடுத்துவிட்டால் அம்மா வந்து சேர்வதற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

அதனால் கதையில் பயம் இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, அது எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் வந்து தீர்க்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லும்போது நரியை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். அம்மா முயல் தேடிவருவதை நிதானமாக, இழுத்துச் சொல்லுங்கள். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். நரிக்குக் குரல் மாற்றி, கண்ணை உருட்டி ஐந்து நிமிடம் நடிப்போம். முயல் வீடு திரும்புவதை "அப்புறம் வீட்டுக்குப் போயிடுச்சு" என்று முடித்துவிடுவோம். பிள்ளை மனதில் எது தங்கும் என்று நினைக்கிறீர்கள்? இன்னொன்று, பயமான இடத்தில் நிறுத்தி "மீதி நாளைக்கு" என்று விளக்கை அணைக்காதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது சுவாரசியம். நான்கு வயதில் அந்த நரி ராத்திரி முழுக்க அறையிலேயே இருக்கும்.

படங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். அமெரிக்க ஆய்வாளர் ஜோவான் கேன்டர் குழந்தைகளின் பயத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். 1985இல் அவரும் சிந்தியா ஹாஃப்னரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பெண் பாத்திரத்தை அழகான தோற்றத்திலும் அவலட்சணமான தோற்றத்திலும் காட்டினார்கள். இரண்டு தோற்றத்திலும், சில பிள்ளைகளுக்குக் காட்டிய கதையில் அவள் நல்லவளாக நடந்துகொள்வாள், வேறு சிலருக்குக் காட்டியதில் கொடுமைக்காரியாக. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றத்தை வைத்தே அவளை எடைபோட்டார்கள். வளர்ந்த பிள்ளைகள் அவள் என்ன செய்தாள் என்று பார்த்தார்கள். ஆகவே "இது நல்ல பூதம்டா" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும், படத்தில் அதற்குக் கோரைப்பல் இருந்தால் உங்கள் மகனுக்கு அது கெட்ட பூதம்தான். புத்தகம் வாங்கும்போது முதலில் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். வாயால் சொல்கிற கதையில் இந்தத் தொல்லை குறைவு. "பூதம் எவ்வளவு பெரிசு இருக்கும், நீயே சொல்லு" என்று அவனிடமே விட்டுவிடலாம். பிள்ளைகள் சமயத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிவிடுவார்கள்.

"அதெல்லாம் நிஜம் இல்லை, சும்மா கதை" என்ற சமாதானமும் இந்த வயதில் அதிகம் எடுபடாது. கேன்டர் இதையும் பார்த்திருக்கிறார். ஏழெட்டு வயதுக்கு மேல் அந்த விளக்கம் வேலை செய்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அணைத்துக்கொள்வதும், பிடித்த பொம்மையைக் கையில் கொடுப்பதும்தான் உதவுகின்றன. ஒரே கதை மடியில் உட்கார்ந்து கேட்கும்போது ஒரு மாதிரி, கைபேசியில் தனியாகக் கேட்கும்போது வேறு மாதிரி. ஒலிக்கதைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயந்திருக்கிற பிள்ளைக்கு அதைப் போட்டுவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள்.

நான் ஒதுக்கிவைக்கச் சொல்கிற கதைகள் வேறு. "அம்மா பேச்சைக் கேட்காததால் நரி பிடித்துக்கொண்டது" என்ற வகை. நீதிக்கதை என்ற பெயரில் இது மிரட்டல். இந்த வயதில் பிள்ளைகள், தான் கோபப்பட்டதாலோ தப்பாக நினைத்ததாலோதான் கெட்டது நடந்தது என்று எளிதாக நம்பிவிடுவார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்கூடத் தன்மேல் பழி போட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் கதையும் போய் எண்ணெய் ஊற்ற வேண்டாம். "தைரியசாலி அழவே மாட்டான்" வகையும் எனக்குப் பிடிப்பதில்லை. பயந்து நடுங்கி, அழுது, யாரையாவது கூப்பிட்டு, கடைசியில் வீடு வந்து சேர்கிற குட்டிதான் அவனுக்குத் துணை.

அவன் பெயரையே வைத்து, அவனுக்கு இருக்கிற பயத்தையே கதையாக்கிச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆரம்பத்தில் வேண்டாம். முயல், ஆமை, பறவைக்குஞ்சு என்று கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். முடிந்ததும் "நீயும் இப்படித்தானே பயப்படுறே?" என்று கேட்டு மாட்டிவிடாதீர்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள்.

ஒரு கதை பிடித்துவிட்டால் தினமும் அதையே கேட்பான். சொல்லிச் சொல்லி உங்களுக்கு அலுத்துப்போகும், உண்மைதான். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் அவனுக்கு நிம்மதி. பலனும் உண்டு. ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், வெவ்வேறு கதைகளில் அதே சொற்களைக் கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வரியை மாற்றினால் "அப்படி இல்லை, நரி மூணு தடவை ஊளையிடும்" என்று திருத்துவான் பாருங்கள், அப்போது நரி அவன் கைக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் முகத்தை மூடிக்கொண்டு "சொல்லு சொல்லு" என்றால் தொடரலாம். பக்கத்தைப் புரட்டும் வேலையை அவனிடம் கொடுங்கள். "போதும்" என்றால் உடனே நிறுத்திவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். முயல் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி முடியுங்கள்.

வீட்டில் யாராவது இறந்துபோயிருந்தால் விஷயம் வேறு. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பிடிபடாது. "தாத்தா தூங்கிட்டார்" என்று சொன்னால் தூங்கவே பயப்படக்கூடும். முதலில் நேராக, எளிமையாகச் சொல்லிவிடுங்கள். கதை அதற்குப் பிறகு. அந்தக் கதையில் இறந்தவரை எழுப்பிக் கொண்டுவராதீர்கள். மிச்சம் இருப்பவர்கள் குட்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் மாதக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் விளையாட்டும் கெட்டால், புது இடத்துக்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், கதையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். தேவைப்பட்டால் அவரே குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்.