கருவாட்டில் மண்

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 5-ஆம் தேதி உலகத் தன்னார்வலர் நாள். 1985-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அதையொட்டி, வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்த அனுபவத்தைப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தார்கள். நானும் ஆழ்துளைக் கிணறு, குளோரின் கலக்கும் அளவு, குழாய்க் கசிவு என்று எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். நிகழ்ச்சி அமைப்பாளர் பொறுமையாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்து, "சார், இங்க சமையல் போட்டின்னு ஒரு வரி இருக்கே, அது என்ன?" என்றார். சொன்னேன். "அதையே பேசுங்க சார், குழாயை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றார்.

ஆக, முப்பத்து நாலு வருஷம் குழாய் பதித்தவன் இன்றைக்குக் குழம்பைப் பற்றிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராயபுரத்துக்காரன். ஓய்வு பெற்ற கையோடு ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டேன். 1970-இல் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் ஜெர்மனியில், பான் நகரத்தில். இளைஞர்களை மட்டும்தான் எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, என்னைப்போல நரைத்தவர்களுக்கும் இடம் உண்டு. சம்பளம் கிடையாது, தங்கவும் சாப்பிடவும் படி தருவார்கள். இதை உறவுக்காரர்களுக்குப் புரியவைக்கத்தான் என்னால் முடியவில்லை. "ஃபாரின் போறாராம், சம்பளம் இல்லையாம்" என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் மச்சானே என் காதுபடச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

போன ஊர் தான்சானியாவில் ம்வான்சா. விக்டோரியா ஏரிக்கரை. ஏரி என்றதும் செம்பரம்பாக்கத்தை நினைக்காதீர்கள். பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதி அதற்குள் அடங்கிவிடும். கரையெங்கும் யானை யானையாகக் கருங்கல் பாறைகள், பாறைகளுக்கு நடுவிலும் மேலேயும் வீடுகள். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையோடு படம் எடுத்துக்கொள்ள நாம் வரிசையில் நிற்கிறோம். அங்கே அந்த மாதிரிப் பாறையில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள்.

மகள் பிரசவத்துக்காக என் வீட்டம்மா இங்கேயே தங்கிவிட்டாள். நான் தனி ஆள். அதுவரை வெந்நீர் வைத்ததைத் தவிர அடுப்புப் பக்கம் போனதில்லை. கூட வேலை பார்த்த தன்னார்வலர்கள் எல்லாம் பிள்ளைகள் வயசு. உகாண்டாவிலிருந்து விவசாயம் படித்த ஒரு பையன், ஜப்பானிலிருந்து கணக்கு டீச்சர், பிலிப்பைன்ஸ் செவிலி ஒருத்தி, இன்னும் இரண்டு மூன்று பேர். என்னை 'பாபு' என்று கூப்பிடுவார்கள். சுவாஹிலி மொழியில் பாபு என்றால் தாத்தா. ராயபுரத்தில் தெருவுக்கு நாலு பாபு உண்டு, ஒருத்தனும் தாத்தா இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

போட்டி எப்படி வந்ததென்றால், வழக்கம்போல வாய்ச்சண்டையில்தான். எந்த நாட்டுச் சாப்பாடு உசத்தி என்று ஒருநாள் பேச்சு முற்றிப்போய், சமைத்தே காட்டிவிடுவது என்று முடிவானது. உகாண்டாப் பையன் உடனே ஒரு நிபந்தனை போட்டான். "நீங்கள் எல்லாரும் பெட்டியில் உங்கள் ஊரைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது செல்லாது" என்றான். உண்மைதான். செவிலியிடம் சோயா சாஸ் பாட்டில், டீச்சரிடம் மிசோ டப்பா, என்னிடம் வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி மூன்று கிலோ. எல்லாம் பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஆளுக்குப் பத்தாயிரம் ஷில்லிங், நம் காசில் சில நூறு ரூபாய்தான். உப்பு முதல் எல்லாமே ஊர்ச் சந்தையில் வாங்க வேண்டும். கரியடுப்பில் சமைக்க வேண்டும். அங்கே அதை ஜிக்கோ என்பார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த குமுட்டி அடுப்பேதான்.

நடுவர்கள் மூன்று பேர்: எங்கள் காவலாளி, வண்டி ஓட்டுநர், பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா. மார்க் போடச் சொன்னால் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள், மரியாதை தெரிந்தவர்கள். அதனால் நான் ஒரு வழி சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பாத்திரத்தைத் தராசில் நிறுத்துவது. யார் பாத்திரம் அதிகம் இளைத்திருக்கிறதோ அவருக்கே வெற்றி. கை தட்டினார்கள். இந்த யோசனையே என்னைக் கவிழ்க்கும் என்று அப்போது தெரியாது.

முதல் போட்டியில் நான் சாம்பார் வைத்தேன். தான்சானியாவில் துவரை நிறைய விளைகிறது. அங்கிருந்து நமக்கே ஏற்றுமதி ஆகிறது. ம்பாசி என்பார்கள். ஆனால் சந்தையில் கிடைத்தது உடைத்த பருப்பு இல்லை, தோலோடு முழுத் துவரை. அதனால் என்ன, துவரை துவரைதானே என்று வாங்கினேன். புளியும் கிடைத்தது. அந்த ஊரில் அதற்குப் பெயர் உக்வாஜு. அரபுக்காரர்கள் 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைத்து, தாவரவியல் பெயரிலும் 'இண்டிகா' ஒட்டிக்கொண்டதால் புளி நம் சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

துவரை, புளிக்கரைசல், உப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். மூன்று. கத்தரிக்காய் கரைந்து காணாமல் போய்விட்டது. துவரை மட்டும் போட்டது போட்டபடி, கோலிக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டம்மாவுக்குப் போனைப் போட்டேன். என்னவென்று கேட்டவள், நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, "ஏங்க, புளியை முதல்லயே ஊத்துனா பருப்பு எந்தக் காலத்துல வேகும்?" என்றாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவளில்லை, நான் எடுத்தவன். புளிப்பு இருந்தால் பருப்பின் செல்சுவர்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் இளகாது. அதனால்தான் பருப்பு வெந்தபிறகு புளி. இன்னொன்றும் இருக்கிறது. ம்வான்சாவில் ஏரிமட்டமே கடலுக்கு மேலே சுமார் 1,134 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 96-இலேயே கொதித்துவிடும். ராயபுரத்தில் கொதிக்கிற தண்ணீர் வேறு, அங்கே கொதிக்கிற தண்ணீர் வேறு. குக்கர் இருந்தால் சமாளிக்கலாம். எனக்கு இருந்தது குமுட்டி அடுப்பும் தோல் உரிக்காத துவரையும்.

அன்றைக்கு என் பாத்திரம் வைத்த எடையிலேயே திரும்பி வந்தது. காவலாளி ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, ஒரு துவரையை வெகுநேரம் மென்று, "சாப்பாடு எங்கே பாபு?" என்று கேட்டார். அவருக்குச் சாப்பாடு என்றால் உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்டுவது. உகாலி இல்லாத தட்டில் மற்றதெல்லாம் வெறும் தொடுகறி.

ஜெயித்தது உகாண்டாப் பையன். வாழைக்காயை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்து மசித்து, மேலே நிலக்கடலைக் குழம்பு. எனக்கே இரண்டாம் முறை வேண்டியிருந்தது. செவிலி சோயா இல்லாமல் வினிகர், பூண்டு, மிளகு மட்டும் போட்டுக் கோழி சமைத்தாள். சோயா வருவதற்கு முன்னால் எங்கள் பாட்டிகளின் அடோபோ இதுதான் என்றாள். டீச்சர் கதைதான் வேடிக்கை. சந்தையில் டகா என்று ஒரு சின்னஞ்சிறு மீன் உலர்த்தி விற்பார்கள். அதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, மீனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் கீரையைப் போட்டுக் கிண்ணத்தில் கொடுத்தாள். ஜப்பானில் உலர்ந்த மீனில் சாறு எடுப்பது அப்படித்தான். தையல்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மகளே, மீனை எறிந்துவிட்டு, அது குளித்த தண்ணீரையா குடிப்பீர்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

எனக்கு அந்த ஒதுக்கி வைத்த மீன் மேலேயே கண். விரல் நீளம்கூட இருக்காது, வெள்ளி நிறம். நெத்திலிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி!

மறுநாளே கிரும்பாவில் இருக்கும் ம்வாலோனி மீன்சந்தைக்குப் போனேன். நிலா இல்லாத ராத்திரிகளில் படகில் விளக்கு கட்டிக்கொண்டு போய்ப் பிடிக்கிறார்கள். வெளிச்சத்துக்கு மீன் கூடும். விடிந்ததும் கரையில் மணலிலும் பாறையிலும் வலையிலும் பரப்பிக் காயவைக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஏழாயிரம் மைல் தள்ளி வந்ததெல்லாம் மறந்துபோய், காசிமேட்டில் நிற்பதுபோல் 'கிலோ என்ன விலை' என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். ஏழாயிரம் மைல் இருக்காது. எனக்கு அப்படி இருந்தது.

திரும்பும் வழியில் மாவுக்கடை. மூட்டையில் செம்பழுப்பு மாவு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கேழ்வரகு. அங்கே உலேசி. காலையில் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார்களாம். அந்தப் பயிரின் சொந்த ஊரே கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிதான். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கிருந்து நம் பக்கம் வந்தது. துவரை நேர்மாறாக இங்கிருந்து அங்கே போனது. யார் எப்போது எந்தக் கப்பலில் மூட்டை மாற்றினார்களோ! நான் அந்தக் கடை வாசலில் நின்றபடி, சாம்பார் வைத்த என் புத்தியை நொந்துகொண்டேன். களியும் கருவாட்டுக் குழம்பும் கண்ணெதிரே கிடக்கிறது, இவன் முழுத் துவரையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான்.

இரண்டாவது போட்டிக்கு ஒரு வாரம் போனில் பாடம் நடந்தது. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவள் ராத்திரிச் சாப்பாடு முடித்துப் படுக்கப்போகிற நேரத்தில் நான் பிடித்துக்கொள்வேன். கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் நாலு தண்ணீர் மாற்றி அலசச் சொன்னாள். "மணல்ல காயவெச்ச கருவாடு, நாலு தண்ணி, மறந்துடாதீங்க" என்று தினமும் சொன்னாள்.

அன்றைக்கு விடிகாலையிலேயே கரி பற்றவைத்தேன். காய்ந்த மிளகாய், மிளகு, சீரகம் வறுத்து, தையல்கார அம்மாவின் மர உரலில் இடித்தேன். எள் விளையும் நாடு, ஆனால் எங்கள் சந்தையில் நல்லெண்ணெய் இல்லை; சூரியகாந்தி எண்ணெய்தான். சின்ன வெங்காயமும் இல்லை, பெரியதை நறுக்கினேன். தக்காளி, கத்தரிக்காய், கடைசியில்தான் புளி. கொதித்துத் தளதளவென்று எண்ணெய் பிரியும்போது கருவாடு.

களிக்குத் துடுப்பு வேண்டுமே. காவலாளி தன் வீட்டிலிருந்து உகாலி கிண்டும் மரக்கரண்டி கொண்டுவந்து தந்தார். அதன் பெயர் ம்விக்கோ. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள், செய்யக்கூடாதது, விலக்கு. ஆண் களி கிண்டுவதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் இரண்டு பொருளும் இருந்தது. மாவைக் குவித்துப்போட்டு, நடுவில் கரண்டிக் காம்பால் குழி குத்தி, ஓரமாகத் தண்ணீர் தளதளத்து மேலேறி வரும்வரை காத்திருந்து, பாத்திரத்தை இரண்டு காலாலும் கவ்விக்கொண்டு கிண்டினேன். அம்மா கிண்டுவதைத் திண்ணையிலிருந்து பார்த்த ஞாபகம். ஐம்பது வருஷத்துக்கு முன் பார்த்தது கைக்கு வருகிறது, பாருங்கள். தோள்தான் இரண்டு நாள் வலித்தது.

கையை நனைத்து உருட்டித் தட்டில் வைத்தேன். காவலாளி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டு கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, அதில் குழம்பைக் கோரி வாயில் போட்டார். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு துண்டு. பிறகுதான் சொன்னார், அவருடைய சொந்த ஊர் மாரா பக்கம், அவருடைய பாட்டி இந்தக் கறுப்பு உகாலியைத்தான் செய்வாள், இப்போது எல்லாரும் வெள்ளை மாவுக்குப் போய்விட்டார்கள் என்று. நம் வீடுகளில் களி போய்ச் சோறு வந்த கதையைச் சொன்னேன். ஓட்டுநர் குறுக்கே புகுந்து, "பேச்சு இருக்கட்டும், குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள்" என்றார்.

தராசு வந்தது. அறுபது கிராம் வித்தியாசத்தில் உகாண்டாப் பையன் மறுபடியும் ஜெயித்தான். எனக்கு இரண்டாம் இடம். ராத்திரி போனில் சொன்னபோது வீட்டம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "அறுபது கிராம்தானா? யாருங்க சாப்பிடாம விட்டது?" என்று குடைந்தாள். தையல்கார அம்மாவுக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

அந்த அம்மா நன்றாகத்தான் இருந்தார். மூன்றாவது வாயில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்து, தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார். நான் அலசியது இரண்டு தண்ணீர்தான். களி கிண்டுகிற அவசரம்.

வீட்டில் இதுவரை சொல்லவில்லை. இந்த உரையைக் கேட்க என் வீட்டம்மா இப்போது ரேடியோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் நிலையத்திலிருந்து கடற்கரையில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, மெதுவாகவே வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

வணக்கம்.